ஆலிவ், திராட்சை, சைக்கிள்: நான்கு பழைய ரயில் பாதைகளில் எது உங்களுக்கு?

ஆலிவ் தோப்பும் திராட்சைத் தோட்டமும் உள்ள குன்றுகளில் சைக்கிளில் சுற்றலாம் என்று பேச்செடுத்தால், அடுத்த சொல் இத்தாலியின் டஸ்கனி என்றுதான் வரும். காலண்டர் படமெல்லாம் அங்கேயிருந்துதானே வருகிறது. ஆனால் கார் வராத பாதைதான் வேண்டும் என்பவர்கள் டஸ்கனியை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. கியான்டி பகுதியின் வெள்ளை மண் சாலைகள் அழகுதான். பழைய இரும்பு சைக்கிள்களோடு ஆட்கள் கூடும் 'லெரோயிகா' 1997 முதல் அங்கேதான் நடக்கிறது. அதன் 209 கிலோமீட்டர் சுற்றில் ஆண்டு முழுக்க வழிகாட்டிப் பலகைகள் நிற்கின்றன. ஆனால் அதே சாலையில் தோட்டக்காரரின் காரும் டிராக்டரும் வரும், ஒவ்வொன்றும் ஒரு புழுதி மேகத்தை உங்கள் மேல் விட்டுவிட்டுப் போகும். சில ஏற்றங்கள் 15 சதவீதத்தையும் தாண்டும். பயிற்சி உள்ளவர்களுக்கு அது விளையாட்டு, மற்றவர்களுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் விடுமுறை.

கார் தொல்லையில்லாமல் குன்று நாட்டுக்குள் போக சுலபமான வழி, கைவிடப்பட்ட ரயில் பாதைகள். நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. 100 மீட்டர் போனால் 2 மீட்டர், மிஞ்சினால் 3 மீட்டர், அவ்வளவுதான் அதன் தெம்பு. அதனால் குன்றைச் சுற்றி வளைத்து, பள்ளத்துக்குப் பாலம் கட்டி, முகட்டைக் குடைந்து தண்டவாளம் போட்டார்கள். ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, யாரோ நமக்காகவே அளந்து வைத்ததுபோன்ற ஒரு சைக்கிள் பாதை. ஸ்பெயின் 1993-ல் இதை ஒரு திட்டமாகவே தொடங்கியது. 'வியா வெர்தே' என்று அவர்கள் அழைக்கும் இந்தப் பாதைகள் இப்போது 3,000 கிலோமீட்டருக்கும் மேல். பிரான்ஸ், இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா நாடுகளிலும் இப்படிப்பட்டவை உண்டு.

இந்தப் பாதைகளை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக நீளத்தையும் தளத்தையும் காட்சியையும் வைத்துப் பேசுவார்கள். நான் பார்க்கும் கணக்கு வேறு: இரவு தூங்கப்போகும் ஊர் பாதையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்? மத்தியதரைக் கடல் ஓரத்து ஊர்கள் பாதுகாப்புக்காகக் குன்றின் உச்சியில் கட்டப்பட்டவை. ரயிலோ பள்ளத்தாக்கில் ஓடியது. நிலையத்துக்கு ஊரின் பெயரை வைத்திருப்பார்கள், ஊர் நாலு கிலோமீட்டர் தள்ளி, தலைக்கு மேலே இருக்கும். நாள் முழுக்க 2 சதவீதத்தில் சுகமாக வந்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு, தண்ணீர் தீர்ந்த நிலையில், கார் ஓடும் சாலையில் 8 சதவீத ஏற்றம் ஏற வேண்டியிருந்தால் பயணத்தின் மொத்த நினைவும் அந்த அரை மணி நேரமாகத்தான் இருக்கும். கீழே சொல்லும் நான்கு பாதைகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

லூபெரோன்: தார் வேண்டும் என்பவர்களுக்கு

பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில், கவாயோன் பக்கத்திலிருந்து ஆப்த் ஊரைத் தாண்டிப் போகும் கலவோன் பாதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 40 கிலோமீட்டர், வழவழப்பான தார், சமதளம் என்றே சொல்லலாம். குழந்தைகளோடு போகிறவர்கள், பின்னால் இழுவண்டி மாட்டுகிறவர்கள், மெல்லிய டயர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இதைவிட எளிதான பாதை இந்தப் பட்டியலில் இல்லை. வழியில் ழூலியன் பாலம் வரும். கி.மு. 3-ல் ரோமானியர் கட்டிய மூன்று வளைவுப் பாலம். அதன் மேல் 2005 வரை கார்கள் ஓடின என்பதைக் கேட்டால், நம் ஊர்களில் கட்டி இரண்டே வருடத்தில் விரிசல் விட்ட பாலங்கள் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியாது.

குறை இரண்டு. ஆலிவ் இங்கே குறைவு. 1956 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் புரோவான்சின் ஆலிவ் மரங்களில் பெரும்பகுதி பட்டுப்போயிற்று, பலர் திரும்ப நடவில்லை. பாதையின் இருபுறமும் திராட்சையும் செர்ரியும்தான் அதிகம். இரண்டாவது, படத்தில் பார்த்து மயங்கிய ஊர்கள் எதுவும் பாதையில் இல்லை. போன்னியூ, ருசியோன், லாகோஸ்த், கோர்த் எல்லாமே மேலே. ழூலியன் பாலத்திலிருந்து போன்னியூவுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஏற்றம், அதுவும் கார்களோடு. மின் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். மிஸ்த்ரால் காற்று அடிக்கும் நாளில் மீதிப் பாதிக்கும் அதுதான் கைகொடுக்கும்.

தெர்ரா ஆல்தா: பாதை முதல் தரம், ஊர்தான் தூரம்

கார் அறவே வராத பாதை எது என்று மட்டும் கேட்டால் என் பதில் ஸ்பெயினின் கத்தலோனியாவில், தெற்கு மூலையில் இருக்கும் தெர்ரா ஆல்தா. ஆர்னெஸ் பக்கத்தில் தொடங்கி 23 கிலோமீட்டர். அங்கிருந்து பாயிஷ் எப்ரே என்ற அடுத்த பாதை பிடித்துக்கொண்டு எப்ரோ ஆற்றங்கரையோடு தொர்தோசா வரை போகிறது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மேலே தொடங்கினால் கிட்டத்தட்ட முழுவதும் இறக்கம்.

முதல் 23 கிலோமீட்டரில் மட்டும் 20 சுரங்கங்கள். இந்தச் சுரங்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல வெயிலிலிருந்து மேட்னி ஷோவுக்குத் தாமதமாக நுழைந்த மாதிரி, முதல் சில விநாடிகள் ஒன்றுமே தெரியாது. அதுவும் கூலிங் கிளாஸைக் கழற்ற மறந்திருந்தால் முன்சக்கரமே கண்ணுக்குத் தெரியாது. வளைந்த சுரங்கங்களில் மறுமுனை வெளிச்சமும் வராது. சிலவற்றில் ஆள் நுழைந்ததும் எரியும் விளக்குகள் உண்டு, எரியாத நாட்களும் உண்டு. கூரையிலிருந்து கழுத்தில் குளிர்ந்த நீர் சொட்டும். எதிரே வருபவர் விளக்கில்லாமல் வந்தால் குரல் கொடுத்துத்தான் தப்பிக்க வேண்டும். போனில் இருக்கும் டார்ச்சை நம்பிப் போகாதீர்கள். கைப்பிடியில் மாட்டும் நல்ல விளக்கு ஒன்று அவசியம்.

நடுவில் ஃபோன்த்கால்தா என்ற இடத்தில் பாதையை விட்டு இறங்கினால் மலை இடுக்கில் ஒரு பழைய கோவிலும், 28 டிகிரி வெதுவெதுப்பில் சுரக்கும் ஊற்றும், குளிக்க ஓர் ஆறும் இருக்கின்றன. சரி, இவ்வளவு இருந்தும் ஏன் இதற்கு முதலிடம் கொடுக்கவில்லை? முதல் 23 கிலோமீட்டரில் பாதையோரம் ஊர் என்று இருப்பது போத் ஒன்றுதான். பிக்காசோ இளவயதில் தங்கியிருந்த ஓர்தா தே சன் ஜோன், பினெய் தே பிராய் எல்லாம் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் மேலே. கந்தேசா அதையும்விட விலகியிருக்கிறது. செசார் மார்த்தினெய் என்ற கட்டடக் கலைஞர் 1919-ஐ ஒட்டிக் கட்டிய கூட்டுறவு ஒயின் ஆலைகள் கந்தேசாவிலும் பினெய்யிலும்தான் உள்ளன. செங்கல் வளைவுகள் நெடுநெடுவென உயர்ந்து நிற்கும் அவற்றைப் பார்த்து 'ஒயின் தேவாலயம்' என்றே சொல்கிறார்கள். இந்த வட்டாரத்தின் பெருமை வெள்ளை கர்நாச்சா திராட்சை. அதை ருசிக்க வேண்டுமானால் பாதையை விட்டு வெளியே போயாக வேண்டும். 1938-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் எப்ரோ சண்டை நடந்த மண் வேறு. அதில் சிதைந்து, அப்படியே விடப்பட்ட கோர்பேரா பழைய ஊரும் சாலை வழிதான்.

அப்புறம், மொத்தமே ஒன்றிரண்டு நாள் பயணம். இதற்காக மட்டும் கடல் தாண்டி வருவது கட்டுப்படியாகாது. பார்சலோனாவுக்கு எப்படியும் வருகிறீர்கள் என்றால் கேள்வியே இல்லை, போய்விடுங்கள். தொர்தோசாவுக்கு ரயில் இருக்கிறது. அங்கே சைக்கிள் வாடகைக்கு விடுபவர்களில் பலர் வேனில் ஏற்றி ஆர்னெஸ் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள்.

பரென்சானா: சாப்பாட்டுக்காரர்களின் பாதை

இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து ஸ்லோவேனியா வழியாகக் குரோஷியாவின் பொரெச் வரை 123 கிலோமீட்டர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு 1902-ல் திறந்த குறுகிய ரயில் இது. தண்டவாள இடைவெளி 760 மில்லிமீட்டர். ஒயினும் எண்ணெயும் உப்பும் சுமந்தது. ஏற்றங்களில் அவ்வளவு மெதுவாகப் போகுமாம், பயணிகள் இறங்கி திராட்சை பறித்துக்கொண்டு திரும்ப ஏறுவார்களாம். 1935-ல் மூடிவிட்டார்கள்.

முழுவதையும் ஓட்டுவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். இத்தாலியப் பகுதி 13 கிலோமீட்டர், ஊருக்குள் தெருவோடு தெருவாகப் போகும். ஸ்லோவேனியாவில் 32 கிலோமீட்டர், நல்ல தளம், கடற்கரை ஊர்கள், சேச்சோவ்லியே உப்பளங்கள் என்று ரசிக்கலாம், ஆனால் கோடையில் கூட்டம் நெருக்கும். நாம் தேடும் நாடு குரோஷியாவின் 78 கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது. இங்கே ஆலிவும் திராட்சையும் மாறி மாறி, சில இடங்களில் ஒரே தோட்டத்தில், இரும்புச் சத்துள்ள சிவப்பு மண்ணில் நிற்கின்றன. வெள்ளை ஒயினுக்கு மல்வாசியா திராட்சை, சிவப்புக்குத் தெரான். இஸ்திரியா என்ற இந்தப் பகுதியின் ஆலிவ் எண்ணெய் தொண்டையில் காரமாக இறங்கும், அதுதான் தரத்துக்கு அடையாளம். முதல் முறை இருமல் வந்தால் பயப்பட வேண்டாம்.

ஊர்க் கணக்கில் இந்தப் பாதை நன்றாகவே தேறுகிறது. வழியின் உச்சமான க்ரோஷ்னியான், 293 மீட்டர் உயரத்தில், ரயிலே ஏறிப்போன ஊர். அதனால் பாதையிலிருந்து சில நிமிடத்தில் படுக்கைக்குப் போய்விடலாம். லிவாதே கீழே மிர்னா ஆற்றுச் சமவெளியில், பாதையின் மேலேயே இருக்கிறது. 1999-ல் 1.31 கிலோ எடையுள்ள வெள்ளை ட்ரஃபிள் காளான் கிடைத்து கின்னஸ் சாதனையானது இந்த வட்டாரத்துக் காட்டில்தான். ஃபுழி என்ற சுருட்டிய பாஸ்தாவின் மேல் அந்தக் காளானை உங்கள் கண்ணெதிரே சீவிப் போடுவார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்த நான்கு பாதைகளில் இங்கேதான் நிம்மதி. மோதோவுன் மட்டும் வழக்கம்போல மேலே, பாதைக்கு மேல் செங்குத்தாக நிற்கும்.

இனி கஷ்டங்கள். கடல் மட்டத்திலிருந்து 293 மீட்டருக்கு ஏறி, லிவாதேயில் கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கே இறங்கி, மறுபடி விழினாதாவுக்கு ஏறி, பொரெச்சுக்கு இறங்க வேண்டும். சாய்வு 2.8 சதவீதத்தைத் தாண்டாது என்றாலும் மணிக்கணக்கில் நீளும். தளம் ஜல்லி, பல இடங்களில் பெரிய ஜல்லி. 28 மில்லிமீட்டர் டயரோடு வந்தால் உள்ளங்கை மரத்துப்போகும். 40-க்குக் குறையாமல் இருக்கட்டும், மலை சைக்கிள் என்றால் இன்னும் நல்லது. சில துண்டுகளில் தோட்டக்காரரின் வண்டியும் வரும், அபூர்வமாகத்தான்.

வியா வெர்தே தெல் அசேய்தே: பாதியை மட்டும் எடுங்கள்

பெயரிலேயே எண்ணெய் இருக்கும் பாதை. தெற்கு ஸ்பெயினில், ஹயேன் நகரிலிருந்து கோர்தோபா மாகாணத்தின் புவெந்தே ஹெனில் பக்கம் வரை 128 கிலோமீட்டர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எண்ணெய் ஏற்றிப்போகப் போட்ட ரயில் 1985-ல் நின்றது. அந்தக் காலத்து இரும்புப் பாலங்கள் 13 இன்னும் உறுதியாக நிற்கின்றன. குவாதாஹோஸ் ஆற்றின் மேல், இரண்டு மாகாணங்களின் எல்லையில் நிற்பது 200 மீட்டருக்கும் மேல் நீளம்.

ஹயேன் மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் அதிகமான ஆலிவ் மரங்கள். முதல் மணி நேரம் பிரமிப்பாக இருக்கும். கண்ணுக்கு எட்டிய வரை, குன்று மேல் குன்றாக, கோடு போட்டு நட்ட சாம்பல்பச்சைப் புள்ளிகள். மூன்றாவது மணி நேரத்தில், சரி, வேறு ஏதாவது மரம் வராதா என்று மனம் கேட்கும். நிழலும் கிடையாது, ஏனென்றால் ஆலிவ் மரம் பாதையின் மேல் கவிந்து வளர்வதில்லை. ஒயினும் இந்தப் பக்கம் பேச்சில்லை. முழுப் பாதையையும் முடித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை இருப்பவர்கள் ஹயேனிலிருந்தே தொடங்கட்டும். மற்றவர்கள் மாகாண எல்லைக்குச் சற்று முன் வரும் அல்காவுதேதே பக்கம் வந்து ஏறிக்கொள்ளலாம்.

எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் நாடு மாறுகிறது. ஒரு பக்கம் சுப்பேத்திகா மலைத்தொடரின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை எழுந்து நிற்கும், மறுபக்கம் தோப்புகள் சரிந்து இறங்கும். லூக்கே, சுஹேரோஸ், தோன்யா மென்சீயா, கப்ரா, லுசேனா என்று பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குள் அடுத்த ஊர் வந்துவிடும். இதில் தோன்யா மென்சீயா, கப்ரா, லுசேனா மூன்றிலும் பாதை ஊரை ஒட்டியே போகிறது. தோன்யா மென்சீயாவின் பழைய நிலையமே இப்போது சைக்கிள்காரர்களுக்கான மையம். சுஹேரோஸ் மட்டும் மேலே, பாறையோடு ஒட்டிக்கொண்டு ஒரு கோட்டையும் வெள்ளை வீடுகளுமாக. அந்த ஏற்றத்தை மட்டும் மனமுவந்து ஏறலாம் என்பேன். காலையில், பையை விடுதியில் விட்டுவிட்டு.

இந்தப் பாதையில் எண்ணெயும் ஒயினும் சேர்வதும் இந்தப் பாதியில்தான். 'பாயேனா' என்ற பெயரில் எண்ணெய் விற்க உரிமையுள்ள எல்லைக்குள் லூக்கேயும் சுஹேரோஸும் தோன்யா மென்சீயாவும் கப்ராவும் வருகின்றன. மோந்தீயா-மோரிலெஸ் ஒயின் எல்லையும் இதே பக்கத்தில் வந்து கலக்கிறது. அங்கே பெத்ரோ ஹிமேனெஸ் திராட்சையைப் பறித்து, பாய்களில் பரப்பி, வெயிலில் காயவிட்டு, உலர்திராட்சைப் பதத்தில் பிழிகிறார்கள். காப்பி டிகாஷன் நிறத்தில், பாகு மாதிரி கெட்டியாக வரும் அந்த ஒயினை வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றித் தருவார்கள். குடிக்காதவர்கள் மேசையில்கூட ஒரு சின்னச் சலனத்தை உண்டாக்கிவிடும். உலர் வகையான ஃபீனோ வெளிறிய நிறத்தில் அப்பாவியாக இருக்கும், ஆனால் சாராயம் சேர்க்காமலே 15 சதவீதம் எட்டக்கூடியது. மதியம் ஒரு கோப்பை என்று தொடங்காமல், சைக்கிளைப் பூட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் குடித்துவிட்டு ஓட்டும் சட்டம் சைக்கிளுக்கும் உண்டு.

காலைச் சாப்பாடு தினமும் ஒன்றுதான், எனக்கு அலுக்காத ஒன்று. நீளப் பன்னை இரண்டாகப் பிளந்து மொறுமொறுவென வாட்டித் தருவார்கள். துருவிய தக்காளி ஒரு கிண்ணத்தில். மேசையிலேயே எண்ணெய் பாட்டில் இருக்கும், அளவு பார்க்காமல் ஊற்றிக்கொள்ள வேண்டியது. பச்சையாக, புல்வாசத்தோடு அது பன்னுக்குள் ஊறும். உப்பு தூவி, பால் காப்பியோடு. மதியம்தான் சைவர்களுக்குச் சோதனை. குளிர்ந்த தக்காளிக் குழம்பான சால்மொரேஹோவில்கூட மேலே பன்றி இறைச்சித் துணுக்கும் முட்டையும் போட்டுத்தான் கொடுப்பார்கள். 'சின் ஹமோன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, அடுப்பு மாலை முழுக்க அணைந்திருக்கும். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். நடுவில் பசித்தால் பையில் இருப்பதுதான்.

எப்போது போவது என்பது, எங்கே என்பதைவிடக் கண்டிப்பானது. ஹயேன், கோர்தோபா பக்கம் ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியைத் தாண்டும், சென்னை வெயில் பழகியவர்களும் விலகி நிற்க வேண்டும். ஏப்ரல், மே, அல்லது அக்டோபர். நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை ஆலிவ் அறுவடை. மரத்தை உலுக்கும் இயந்திரங்கள், தரையில் விரித்த வலைகள், பாதையைக் குறுக்கே கடக்கும் டிராக்டர்கள், ஆலைப் பக்கம் போனால் மூக்கைத் துளைக்கும் சக்கை நாற்றம். பார்க்க விரும்புபவர்கள் போகலாம், ஆனால் மழை பெய்தால் அந்தக் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். இஸ்திரியாவுக்கு செப்டம்பர் கடைசி, அக்டோபர் பொருத்தம். திராட்சை பறிப்பு, ஆலிவ் தொடக்கம், வெள்ளைக் காளான் எல்லாம் கைகோக்கும் நேரம். லூபெரோனுக்கு மே, ஜூன். லாவெண்டர் பூவையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் ஜூன் கடைசி.

சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கேயே எடுப்பதா என்று கேட்டால், அங்கேயே எடுங்கள். ஸ்பெயினின் அதிவேக ரயில்களில் சைக்கிளைக் கழற்றிப் பையில் போட்டால்தான் ஏற்றுவார்கள். பிராந்திய ரயில்களில் அப்படியே ஏற்றலாம், இடம்தான் குறைவு. பொரெச்சுக்கு ரயிலே கிடையாது.

சரி, முடிவு. குழந்தைகளோடு, அல்லது பல வருடங்களாக சைக்கிள் தொடாத பெற்றோரோடு என்றால் லூபெரோன், அதுவும் மேலே தங்காமல் ஆப்த் ஊரிலேயே தங்கி. பார்சலோனா பயணத்தில் இரண்டு நாள் மிச்சமிருந்தால் தெர்ரா ஆல்தா, இரவு போத்தில். கால் பலமும் நாக்கு ருசியும் இரண்டும் உள்ளவர்களுக்குப் பரென்சானா, ஸ்லோவேனியக் கடற்கரையின் போர்தோரோஷ் பக்கம் தொடங்கி க்ரோஷ்னியானிலும் லிவாதேயிலும் இரவு தங்கி. ஆனால் என் கைக்காசைப் போட்டு ஒன்றுக்குத்தான் போகலாம் என்றால் அல்காவுதேதேயிலிருந்து லுசேனா வரையிலான அந்தப் பாதிக்குத்தான் போவேன். மின் சைக்கிள் தேவையில்லை, சாலை ஏற்றம் சுஹேரோஸ் ஒன்றுதான், அதையும் விட்டுவிட்டாலும் பயணம் குறைபடாது.

விசாவைப் பொறுத்தவரை, 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால் நான்கில் எதற்கும் ஒரே விசா போதும். விண்ணப்பம் மட்டும் அதிக நாள் தங்கும் நாட்டின் வழியாகப் போக வேண்டும். பரென்சானாவுக்கு வெனிஸில் இறங்கினாலும், இரவுகளில் பெரும்பாலானவை க்ரோஷ்னியான் பக்கம் என்றால், அது குரோஷியாதான்.